புழுதியும் துகளும்: மோட்டார் சைக்கிள் சக்கரத்தைத் துடைத்த கதை

ஞாயிற்றுக்கிழமைக் காலை என்பது எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் துடைக்கும் வேளையாக இருந்தது. 1980களின் இறுதி ஆண்டுகள். தந்தையார் வைத்திருந்தது ஒரு பழைய புல்லட். புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் சாலைகளில் வாரம் முழுதும் ஓடிவிட்டுச் சனிக்கிழமை இரவு திண்ணையோரம் வந்து நிற்கும் அவ்வண்டியின் உடலைத் தந்தையாரே துடைத்துக்கொள்வார். பெட்ரோல் தொட்டியில் பிறர் கை வைப்பதை அவர் விரும்பியதில்லை. சக்கரங்கள் இரண்டும் சகோதரர்களாகிய எங்கள் இருவர் பொறுப்பு. முன்சக்கரம் மூத்தவருக்கு, பின்சக்கரம் இளையவருக்கு என்பது எழுதப்படாத பாகப்பிரிவினை. பின்சக்கரத்தில் சங்கிலி எண்ணெய் தெறித்து, அதன்மேல் புழுதி படிந்து, கருஞ்சாந்து போல இறுகியிருக்கும். இக்கட்டுரையை எழுதுவது எந்தச் சகோதரர் என்பதை வாசகர்கள் இதற்குள் ஊகித்திருப்பர்.

அண்மையில் நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில் இதைச் சொல்ல நேர்ந்தபோது, "சக்கரத்தைத் துடைப்பதற்குமா வரலாறு?" என்றார் ஒருவர். கேள்வியில் சிறிது ஏளனம் இருந்தது. ஆயினும் வரலாறு உண்டென்றே நாம் கருதுகிறோம். தேர் எங்கே சென்றது, எவரை வென்றது என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் துடைத்தவர் யார், துடைத்த தூசி எங்கே போயிற்று என்பதை எழுதியவர் குறைவு. தூசி அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. அது இடம் மாறிய வழியைப் பின்பற்றிச் சென்றபோது, மோனாக்கோவின் கடற்கரைச் சாலையையும் இங்கிலாந்தின் மலைச்சரிவையும் தொட்டுவிட்டு, கடைசியில் எங்கள் ஊர்க் கடைத்தெருவிலிருந்த ஒரு பட்டறைக்கே வந்து சேர்ந்தோம்.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம்; தமிழாசிரியர்க்கு அது பழகிப்போன நோய். புழுதி என்பது மண்ணின் பிள்ளை. குறளின் உழவு அதிகாரத்தில் அது இழிபொருளன்று. உழுத மண் காய்ந்து பெறும் வளத்தின் பெயர். மழை பெய்தால் புழுதி மீண்டும் மண்ணாகிவிடும். துகள் அவ்வாறன்று. தேரும் குதிரையும் எழுப்பும் துகளைச் சங்கப் புலவர்கள் பலரும் கண்டிருக்கிறார்கள். ஆனால் அச்சொல்லுக்குக் குற்றம் என்றொரு பொருளும் உண்டு. துகளறு போதம் என்ற சைவ நூலின் பெயரில் நிற்பது அந்தப் பொருள்தான். புழுதி வெளியிலிருந்து வந்து ஒட்டுவது, துகள் உள்ளிருந்தே உதிர்வது என்று இலக்கணம் எதுவும் வகுக்கவில்லை. எனினும் இக்கட்டுரையின் வசதிக்காக அப்படியொரு வேறுபாட்டை வைத்துக்கொள்கிறோம்.

பழந்தமிழர் சக்கரத்தை நன்கு அறிந்தவர்கள். நேமி, ஆழி, திகிரி, உருளி என அதற்குப் பெயர்கள் பல. நடுவிலுள்ளது குடம், அதில் பொருத்தப்படுவது ஆர். சிறுபாணாற்றுப்படையின் இறுதியில் நல்லியக்கோடன் பாணனுக்குப் பரிசாக அளிக்கும் தேரின் வருணனையில் ஆர்களும் கூரிய விளிம்புடைய நேமியும் வருகின்றன. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைப் பாடும்போது அதன் அடியில் கட்டிவைத்த சேம அச்சைக் குறிப்பிடுகிறார். அக்காலத்தவர் கவலை அச்சு முறிவதைப் பற்றியது, அழுக்கைப் பற்றியதன்று என்று அதிலிருந்து கொள்ளலாம். மரச் சக்கரத்துக்கு அழுக்கு பகையுமில்லை. கோடையில் மரம் காய்ந்து சுருங்கி இரும்புப் பட்டை நெகிழ்ந்துவிடாமல் சக்கரத்தைக் குளத்தில் ஊறவைப்பார்கள். அதுவே குளியல், அதுவே வைத்தியம்.

மாட்டு வண்டியில் தூய்மை தேவைப்பட்ட இடம் ஒன்றுதான். அது கண்ணுக்குத் தெரியாத இடம். குடத்துக்குள் அச்சு சுழலும் பகுதிக்கு வண்டி மை இடுவார்கள். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் அந்த மை கிடைக்கும். ஓடஓட அதில் புழுதி கலந்து, உயவுப்பொருள் அரைக்கும் பொருளாக மாறிவிடும். அப்போது கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே இழுத்து, பழைய மையை வழித்தெறிந்துவிட்டுப் புதியதை இட வேண்டும். எங்கள் பின்சக்கரத்துக் கருஞ்சாந்து வேறொன்றுமில்லை. இதே எண்ணெய், இதே புழுதி. எங்கள் பாட்டனார் அதைப் பார்த்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

மோட்டார் சைக்கிளின் முன்னோடியையும் அவர் அடையாளம் கண்டிருப்பார் எனலாம். காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1885-இல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய அந்த வாகனத்துக்கு மர ஆர்களும் இரும்புப் பட்டையும் கொண்ட சக்கரங்கள்தாம் இருந்தன. நம்மூர்த் தச்சர் அரைநாளில் செப்பனிட்டுவிடக்கூடிய சக்கரம். கம்பிச் சக்கரம் வேறொரு வழியாக வந்தது. பறக்கும் எந்திரம் ஒன்றைக் கனவு கண்டுகொண்டிருந்த ஜார்ஜ் கேய்லி, 1808-இல், எடை குறைந்த சக்கரத்துக்காக இழுத்துக் கட்டிய கம்பிகளைப் பற்றி எண்ணினார். ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் அக்கம்பிகளைக் குடத்திலிருந்து நேரே நீட்டாமல் சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லுமாறு அமைத்தார். மர ஆர் சுமையைத் தாங்கி நிற்கிறது. கம்பி இழுத்துப் பிடிக்கிறது. பொறியியலில் இது பெரும் பாய்ச்சல். துடைப்பவர் பார்வையில் இது பெருந்துன்பம். புல்லட்டின் சக்கரம் ஒன்றுக்கு நாற்பது கம்பிகள். இரண்டு கம்பிகள் குறுக்கிடும் இடத்தில் துணி சிக்கும், விரல் நுழையாது. கம்பி விளிம்பைச் சந்திக்கும் இடத்திலுள்ள சிறு திருகுமுனையில் நீர் தங்கும். 1894-இல் மியூனிக்கில் தொழில்முறையில் உருவாக்கி விற்கப்பட்ட ஹில்டெப்ராண்ட்-வொல்ஃப்முல்லர் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் கம்பிகளே இல்லாத முழுத்தட்டு என்பதைப் பல ஆண்டுகளுக்குப்பின் படித்தபோது எமக்கு ஏற்பட்ட பொறாமை சொல்லுந்தரமன்று.

இனிச் சாலைக்கு வருவோம். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் 1888-இல் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதுவரை ஐரோப்பாவின் சரளைச் சாலைகளும் இரும்புப் பட்டைச் சக்கரங்களும் ஒருவகை உடன்பாட்டில் வாழ்ந்து வந்தன. இரும்பு கல்லை அரைக்கும். அரைத்த பொடி மழைநீரோடு சேர்ந்து கற்களின் இடைவெளியை நிரப்பிச் சாலையை இறுக்கும். வேகமாக ஓடும் ரப்பர் டயர் இவ்வுடன்பாட்டைக் குலைத்தது. அது கல்லை அரைக்கவில்லை. கற்களுக்கிடையே இருந்த பொடியை உறிஞ்சி மேலே எறிந்தது. சாலையோர வீடுகளும் தோட்டங்களும் வெண்புழுதியில் மூழ்கின. மோட்டார் வண்டிக்கு எழுந்த முதல் எதிர்ப்புகளில் ஓசையைப் போலவே புழுதிக்கும் பெரும்பங்கு உண்டு.

மோனாக்கோவில் இதற்கு மருந்து கண்டவர் உண்மையிலேயே ஒரு மருத்துவர். எர்னெஸ்ட் குக்லியெல்மினெட்டி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் மருத்துவப் பணியாற்றித் திரும்பியவர். இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் நாட்டில், புழுதி தொல்லை தந்த சாலையில், 1902-இல் அவர் சூடான தாரைப் பூசிக் காட்டினார். புழுதி அடங்கியது, அவருக்கு 'தார் டாக்டர்' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. அதே 1902-இல் இங்கிலாந்தில் எட்கர் ஹூலி தாரும் உலைக்கசடும் கலந்த சாலைப்பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். 1908-இல் பாரிசில் முதலாவது பன்னாட்டுச் சாலை மாநாடு கூடியபோது பேசப்பட்ட முதன்மைச் சிக்கல்களுள் ஒன்று புழுதி. இன்று நாம் ஓட்டும் கருஞ்சாலை வேகத்துக்காகப் பிறந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது புழுதிக்குச் சொன்ன வைத்தியமாகவே தொடங்கியது.

அந்த வைத்தியம் எங்கள் பக்கம் முழுமையாக வந்து சேரச் சில தலைமுறைகள் பிடித்தன. எங்கள் இளமையில் பேருந்து ஓடும் சாலையில் தார் இருந்தது. அதிலிருந்து பிரியும் சாலைகள் கப்பியும் செம்மண்ணுமாகக் கிடந்தன. தந்தையாரின் பணியோ அக்கிளைச் சாலைகளில்தான்.

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து வந்த வண்டி என்பதைப் பலர் அறிவர். 1955-இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்சும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. இங்கிலாந்தில் 1970-இல் அப்பெயரில் மோட்டார் சைக்கிள் செய்வது நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் நிற்கவில்லை. ஈரமும் குளிரும் மிக்க நாட்டுக்கென வரையப்பட்ட சக்கரம், உப்புக்காற்று வீசும் கடற்கரையிலும் செம்புழுதி பறக்கும் மேட்டுநிலத்திலும் உருண்டது. விளிம்புக்குக் குரோமியப் பூச்சு. இப்பூச்சு 1920களின் நடுவில் வணிக வழக்குக்கு வந்தது. அதன் பளபளப்பைக் கண்டு அது கனமான கவசம் என்று மயங்கிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரிகிற குரோமியப் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. இரும்பை உண்மையில் காப்பது அதன் அடியிலுள்ள நிக்கல். படலத்தில் நுண்ணிய வெடிப்புகள் உண்டு. புழுதி அவற்றின்மேல் படிந்து பனியையும் மழையையும் பஞ்சுபோல் பிடித்து வைத்துக்கொண்டால், ஓரிரு மாதங்களில் மிளகளவு துருப்புள்ளிகள் முளைக்கும். ஆகவே சக்கரத்தைத் துடைப்பது அழகு பற்றிய செயல் மட்டுமன்று. தந்தையார் சொல்வது சுருக்கமாக இருக்கும்: "அழுக்கு இருக்கலாம்டா, ஈர அழுக்கு இருக்கப்படாது."

எங்கள் கருவிகள் எளியவை. ஒரு தகரக் குவளையில் மண்ணெண்ணெய், வெளுத்த பனியன் துணி, பல் தேய்த்துத் தேய்ந்த பிரஷ், கடைசியாகத் துடைக்கக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். கருஞ்சாந்தை மண்ணெண்ணெய் இளக்கும். துணியை நாடா போலக் கிழித்துக் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் பிடித்து, மோர் கடைவதுபோல் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். ஒருமுறை அம்மாவின் பித்தளைக் குடம் புளியில் மின்னுவதைப் பார்த்து, கம்பிகளுக்கும் புளி போட்டுத் தேய்த்தோம். அன்று மாலை வரை அவை மின்னின. அடுத்த மழையில் நாற்பதும் பழுத்துப் போயின. கம்பியின்மேல் இருந்தது துத்தநாகப் பூச்சு; புளியின் அமிலம் துருவோடு சேர்த்து அதையும் தின்றுவிட்டது என்பது பிற்பாடு தெரிந்தது. தந்தையார் அடிக்கவில்லை. ஒரு வாரம் பேசாமலிருந்தார். அது அடியைவிட நீளமானது.

இவ்வளவும் புழுதியின் கதை. துகளின் கதை பிரேக்கில் தொடங்குகிறது.

ஓடும் சக்கரத்தை நிறுத்த எதையேனும் அதன்மீது அழுத்த வேண்டும். அழுத்தப்படுவது தேயும், தேய்ந்தது தூளாகும். 1888-இல் தம் பிள்ளைகள் இருவருடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கணவரின் மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்ற பெர்த்தா பென்ஸ் அம்மையார், வழியில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனதும் ஒரு செருப்புத் தைப்பவரிடம் அதன்மேல் தோலை அடித்துத் தரச் சொன்னார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் வண்டிக்காரர்களைக் கவனித்தார். இறக்கத்தில் குதிரை வண்டியைத் தடுக்க அவர்கள் பிரேக் கட்டையில் பழைய காலணியைச் செருகி வைத்திருந்தார்கள். காலணியைவிட நன்றாகப் பிடிக்கும் பொருள் ஒன்றைத் தேடத் தொடங்கிய ஃப்ரூட் 1897-இல் தொழிலைத் தொடங்கினார். தம் பெயரின் எழுத்துகளை மாற்றியடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து அவர் அமைத்த பெயர்தான் ஃபெரோடோ. பிரேக்கில் நாம் இன்றும் ஷூ என்று வழங்கும் உறுப்புக்குள் அப்பழைய காலணி ஒளிந்திருப்பதாக எண்ணிக்கொள்வதில் எமக்கொரு மகிழ்ச்சி, சொல்லாராய்ச்சியாளர்கள் பொறுத்தருள்க.

தோலும் பருத்தியும் சூட்டில் கருகின. 1908-இல் ஃப்ரூட் கல்நாருக்கு மாறினார். ஆஸ்பெஸ்டாஸ் என்பதற்குத் தமிழில் கல்நார் என்று பெயரிட்டவர் யாராயினும் அவர் நல்ல சொல்லாக்கர். கல்லும் அதுவே, நாரும் அதுவே. எரியாது, நூற்கலாம், நெய்யலாம், விலையும் குறைவு. பிரேக்குக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும் உலகத்து வண்டிகள் கல்நாரைத் தேய்த்துத்தான் நின்றன. மோட்டார் சைக்கிளில் அது டிரம் எனப்படும் மூடிய கிண்ணத்துக்குள், சக்கரத்தின் குடத்திலேயே இடம்பெற்றது. மாட்டு வண்டியில் மை இட்ட அதே இடம்.

டிரம் பிரேக் ஒரு நாணயமற்ற நண்பன். வெளியே சக்கரம் சுத்தமாக இருக்கும். தேய்ந்த தூளையெல்லாம் அது தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். வெளிப்புழுதியை மட்டும் துடைத்துவிட்டு, சக்கரம் தூய்மையாகிவிட்டதென்று நாங்கள் மகிழ்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில், உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பிடித் தூள் காத்திருந்தது. பிரேக் கீச்சிடத் தொடங்கும்போது அதைத் திறப்பவர் மெக்கானிக்.

எங்கள் கடைத்தெருவில் புளியமரத்தடியில் ஒரு பட்டறை இருந்தது. அதை நடத்தியவரை அண்ணன் என்றே ஊரில் எல்லாரும் அழைத்தனர். எங்கள் தந்தையாரும் அப்படித்தான் அழைத்தார். அவர் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து, முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்து, கன்னங்களை உப்பி ஒரே ஊதாக ஊதுவார். சாம்பல் மேகம் ஒன்று எழுந்து வெயிலில் மினுமினுத்து அடங்கும். நாங்கள் அதைப் பார்ப்பதற்கென்றே அருகில் நிற்போம். பிறகு லைனரை உப்புத்தாளில் தேய்ப்பார். அதிலிருந்தும் பொடி உதிரும். சில ஆண்டுகள் கழித்துப் பட்டறைக்குக் கம்ப்ரஸர் வந்தது. வாயால் ஊதியது போய்க் காற்றுக்குழாய் வந்தது, மேகம் பெரிதாயிற்று. "டிரம்முல பவுடர் நின்னா பிரேக்கு பிடிக்காது தம்பி" என்பார். அவர் சொன்னது சரி. செய்ததும் தொழில் தெரிந்தவர் செய்யும் செயல்தான். அந்தப் பொடி என்னவென்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

சொல்வதற்கு அன்று செய்தி இல்லாமலில்லை. கல்நார் ஆலையில் வேலை பார்த்து 1924-இல் இறந்த நெல்லி கெர்ஷா என்ற பெண்ணின் நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் குக், அவ்வாண்டே அதைப் பற்றி எழுதினார். 1927-இல் அந்நோய்க்குப் பெயரும் சூட்டினார். 1931-இல் பிரிட்டன் கல்நார் ஆலைகளில் தூசியைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. 1960-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, நுரையீரல் உறையில் தோன்றும் அரிய புற்றுநோயைக் கல்நாரோடு தொடர்புபடுத்தியது. வாகனப் பட்டறைகளுக்கென்றே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986-இல் ஒரு வழிகாட்டிக் கையேட்டை வெளியிட்டது. பிரேக் தூளைக் காற்றால் ஊதாதீர், உலர்ந்த பிரஷால் தட்டாதீர் என்பதே அதன் சாரம். அது வெளிவந்த பின்னரும் எங்கள் புளியமரத்தடியில் மேகம் எழுந்துகொண்டுதான் இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு ஒரு சட்டமாவது வந்தது. இந்தியாவிலும் கல்நார்த் தொழிலாளரின் உடல்நல உரிமையை 1995-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் உறுதி செய்தது. மரத்தடியில் தனியாளாகப் பட்டறை வைத்திருப்பவர் எந்தப் பதிவேட்டிலும் தொழிலாளி அல்லர், அவரே முதலாளி.

இங்கு நியாயத்தின் பொருட்டு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரேக் போடும்போது எழும் கடுஞ்சூட்டில் கல்நாரின் பெரும்பகுதி ஃபார்ஸ்டரைட் என்னும் வேறொரு கனிமமாக மாறிவிடுகிறது. டிரம்மில் தேங்கும் தூளில் எஞ்சியிருக்கும் நார் சிறிதளவே என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. மெக்கானிக்குகளுக்கு நேர்ந்த தீங்கு எவ்வளவு என்பதில் அறிஞரிடையே வழக்கு இன்னும் முடியவில்லை. அமெரிக்க நீதிமன்றங்களிலும் முடியவில்லை. ஆனால் புது லைனரை உப்புத்தாளில் தேய்க்கும்போது சூட்டால் மாறாத நார் காற்றில் கலக்கிறது என்பதில் ஐயமில்லை. அண்ணன் பிற்காலத்தில் மிகவும் இருமினார். பீடியும் புகைப்பார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டவில்லை. எதனால் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. எனவே நாமும் எழுதப் போவதில்லை. அந்தச் சாம்பல் மேகத்தில் வெயில் மினுமினுத்ததை மட்டும் மறக்க இயலவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் கல்நாரை விலக்கிவிட்டது. அமெரிக்கா கடைசியாகப் பயன்பாட்டிலிருந்த வெண்கல்நார் வகையைத் தடை செய்ய 2024 மார்ச் வரை காத்திருந்தது. இந்தியாவில் முழுத்தடை இல்லை. எனினும் புதிய வண்டிகளில் கல்நாரற்ற லைனர்கள் வழக்கமாகிவிட்டன. அட்டைப்பெட்டியிலேயே அவ்வாறு அச்சிட்டும் வருகின்றன.

இதற்கிடையில் சக்கரமே உருமாறிவிட்டது. 1969-இல் ஹோண்டாவின் சிபி750 முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்குடன் வந்து பெருந்திரளாக விற்றது. 1970களின் நடுவில் கம்பிகளை ஒழித்த வார்ப்புச் சக்கரங்கள் ஜப்பானிய வண்டிகளில் தோன்றின. இந்தியச் சாலைகளில் இவ்விரண்டும் பரவியது 1999-இல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட் வந்த காலத்தை ஒட்டியும் அதன் பிறகுமே. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானதால் டிஸ்க் இல்லாத பெரிய வண்டியே அரிதாயிற்று. அலாய் வீலில் ஐந்தாறு அகன்ற ஆர்கள் மட்டுமே. ஒரு துணி, ஐந்து நிமிடம், வேலை முடிந்தது. எங்கள் பின்சக்கரத்துத் துன்பங்களெல்லாம் தீர்ந்துவிட்டன என்றுதான் நம்பினோம்.

ஆனால் டிஸ்க் நாணயமுள்ள நண்பன், எதையும் மறைப்பதில்லை. தேய்ந்த பொருளை அப்படியே வெளியே எறிகிறது. இன்று நம் வண்டியின் சக்கரத்தில் டிஸ்க் இருக்கும் பக்கம் மறுபக்கத்தைவிடக் கருத்திருப்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். அது சாலைப் புழுதியன்று. டிஸ்க்கிலிருந்து உரிந்த இரும்பும், பேடிலிருந்து உதிர்ந்த கரியும் பிசினும் சூட்டோடு சூடாக வந்து ஒட்டியவை. இரும்புத்துகள் ஈரம் பட்டால் துருவாகிப் பூச்சைப் பிடித்துக்கொள்ளும். பல மாதம் விட்டால் துணிக்கு அடங்காது. அதற்காகச் சிலர் அமிலம் கலந்த திரவத்தைத் தேய்க்கிறார்கள். கம்பியில் நாங்கள் புளி தேய்த்த கதைதான். அலுமினியம் துத்தநாகத்தைவிடப் பெரிய பொறுமைசாலி அன்று. வண்டி ஆறிய பிறகு, முதலில் தண்ணீர் ஊற்றித் துகளை இறக்கிவிட்டு, சோப்பு நீரும் மெல்லிய துணியுமாகத் துடைப்பதே போதுமானது. டிஸ்க்கில் எண்ணெய் மட்டும் படக் கூடாது. தேங்காய் எண்ணெய் மரபை இங்கே கைவிட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் பீய்ச்சும் நீரைச் சக்கரத்தின் நடுவே பாய்ச்சவிடாமல் பார்த்துக்கொள்வதும் நன்று. தாங்கியிலுள்ள கிரீசை அது கழுவிவிடும். வண்டி மையின் மதிப்பறிந்த பாட்டனாருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாலையின் புழுதியை அடக்க நூறாண்டு உழைத்த ஐரோப்பா, இப்போது சக்கரத்தின் துகளை அளக்கத் தொடங்கியிருக்கிறது. 2024-இல் ஏற்கப்பட்ட யூரோ 7 விதிகள், கார்களும் சிறு சரக்கு வண்டிகளும் பிரேக்கிலிருந்து கிலோமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் துகள் உதிர்க்கலாம் என்று முதன்முறையாக வரம்பிடுகின்றன. மின்வண்டியும் இதற்கு விலக்கன்று. மோட்டார் சைக்கிள்கள் அவ்விதிக்குள் வரவில்லை.

சென்ற ஆயுத பூசையன்று ஊருக்குச் சென்றிருந்தோம். புளியமரம் இல்லை; சாலையை அகலப்படுத்தியதில் போயிற்று. பட்டறை இருக்கிறது. அண்ணனின் தம்பி நடத்துகிறார். கழுவித் துடைத்த வண்டிகள் வரிசையாக நின்றன. சக்கரங்களில் சந்தனமும் குங்குமமும், டயருக்கடியில் எலுமிச்சம்பழமும். காற்றுக்குழாய்க்கும் பொட்டு வைத்திருந்தார்கள். பூசைக்கு முன் கடைசியாக ஒரு ஸ்கூட்டர் மேடையில் இருந்தது. தம்பி அதன் பின்சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தார். நாம் அறியாமலேயே ஓரடி பின்வாங்கினோம். அவர் காற்றுக்குழாயை எடுக்கவில்லை. தலையில் துளையிட்ட தண்ணீர்ப் பாட்டில் ஒன்றை எடுத்து, சோப்பு நீரை மெதுவாக டிரம்முக்குள் விட்டு, ஈரத்துணியால் வழித்தெடுத்தார். துணி கறுத்தது, மேகம் எழவில்லை.

"ஊத மாட்டீங்களா?" என்று கேட்டோம்.

"அண்ணன் ஊதுவாரு சார். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே அந்தப் பொடி ஆகாது, தும்மல் வந்துரும். அதான் தண்ணி" என்றார். வழிகாட்டிக் கையேடு எதையும் அவர் பார்த்ததில்லை.

கறுத்த துணியை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, மூலையிலிருந்த பழைய பெயிண்ட் டின்னைக் காட்டினார். தேய்ந்த பிரேக் ஷூக்கள் விளிம்புவரை நிறைந்திருந்தன. துணியை அவற்றின்மேல் போட்டார். பூசை முடிந்த மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்து எடை போட்டு எடுத்துச் செல்வாராம்.